கொழும்பில் கைத்தறி பழக வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாங்கள் வெள்ளவத்தையில் மாதத்துக்கு ஒருமுறை கூடும் ஒரு சின்ன நெசவுக் குழு. வாட்ஸ்அப்பில் ஒரே கேள்விக்குத் திரும்பத் திரும்பப் பதில் எழுதிக் கை நொந்துவிட்டது, அதனால்தான் இது. வாசித்த பிறகும் விளங்காதது இருந்தால் தாராளமாகக் கேளுங்கள். "அடுத்தது எப்ப?" என்று மட்டும் கேட்காதீர்கள், அது முதல் பதிலிலேயே இருக்கிறது.

எப்போது, எங்கே கூடுகிறீர்கள்?

போயா (பௌர்ணமி விடுமுறை) நாட்களில், காலை ஒன்பதரையிலிருந்து பின்னேரம் மூன்று மணி வரை. சனி, ஞாயிறு வைத்துப் பார்த்தோம், சரிவரவில்லை. பாதிப் பேருக்குப் பிள்ளைகளின் ரியூஷன், மீதிப் பேருக்குக் கல்யாண வீடு. போயா என்றால் எல்லோருக்கும் லீவு. வெசாக், பொசன் போயாக்களில் மட்டும் கூடுவதில்லை, வீதி முழுக்கத் தன்சலும் (இலவச உணவுப் பந்தல்) சனமும், வந்து சேரவே பாதி நாள் போய்விடும்.

இடம் காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மாடிக் கட்டடத்தின் மேல்தளம். 100, 101 பஸ் இரண்டும் காலி வீதியால்தான் போகும், ரயிலில் வந்தால் வெள்ளவத்தை ஸ்டேஷனிலிருந்து நடந்துவிடலாம். போயாவில் பஸ் குறைவு என்பதைக் கணக்கில் எடுங்கள். சரியான முகவரியைப் பெயர் பதிந்த பிறகு அனுப்புவோம், அது எங்களுடைய கட்டடம் இல்லை, குடியிருப்பவர்களுக்குத் தொந்தரவு வரக் கூடாது.

எனக்கு நெசவு பற்றி ஒன்றுமே தெரியாது. வரலாமா?

ஓம். தையல், குரோஷே தெரிந்திருந்தால் விரல் கொஞ்சம் சொன்னபடி கேட்கும், தெரியாவிட்டாலும் ஒன்றுமில்லை.

வேறு ஓர் இடத்தில் இரண்டு மணி நேரத்தில் ஒரு துண்டு நெய்து கையோடு கொண்டு வந்தேன். உங்களிடமும் அப்படிச் செய்யலாமா?

முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் இதனால்தான் சிலர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பிப் போகிறார்கள். அப்படிப்பட்ட இடங்களில் முதல் நாளே யாரோ ஒருவர் இருந்து பாவு (நீளவாக்கு நூல்) போட்டு, ஒவ்வொரு இழையாக, இழைகளைத் தூக்கி இறக்கும் விழுதில் கோர்த்து, சீப்பு மாதிரியான அச்சில் கோர்த்து, இறுக்கிக் கட்டி, தறியைத் தயாராக வைத்திருப்பார். நீங்கள் போய் நாடாவை, அதாவது குறுக்கு நூலைச் சுமந்து போகிற கட்டையை, இடமும் வலமும் எறிந்து ஒரு படமும் எடுத்துக்கொண்டு வருவீர்கள். அது பிழை என்று சொல்லவில்லை, சந்தோஷமான பொழுதுதான். ஆனால் நெசவில் கடினமான பகுதி, யோசிக்க வேண்டிய பகுதி, துணி எப்படி வரும் என்று முடிவாகிற பகுதி எல்லாம் நாடாவைக் கையில் எடுப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. அந்த வேலையை இன்னொருவர் செய்து வைத்தால் நீங்கள் பழகுவதற்கு என்ன மிச்சம்?

ஆகவே எங்களிடம் முதல் கூடலில் நெய்யவே மாட்டீர்கள். நூலை எண்ணுவீர்கள், பாவு போடுவீர்கள், சிக்கெடுப்பீர்கள், யாரையாவது திட்டுவீர்கள். இரண்டாவது கூடலில் கோர்ப்பீர்கள். துணி கண்ணில் படுவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். இவ்வளவு பொறுக்க முடியாது என்றால் கால்மிதிப் பட்டறைக்கு வாருங்கள், அதைப் பற்றிக் கீழே இருக்கிறது.

பாவு என்றால் என்ன? அதற்குக் கணக்கு வேண்டுமாமே, எனக்குக் கணக்கு சுத்தமாக வராது.

நீளவாக்கில் தறியில் இழுத்துக் கட்டியிருப்பது பாவு. குறுக்கே நாடாவோடு போய் வருவது ஊடை. எத்தனை இழை, எவ்வளவு நீளம் என்று பாவை முதலே முடிவு செய்தாக வேண்டும், பாதி நெய்த பிறகு "இன்னும் ரெண்டு அங்குலம் அகலமா இருந்தா நல்லா இருக்குமே" என்று யோசித்துப் பயனில்லை.

கணக்கு ஐந்தாம் வகுப்புக் கணக்குத்தான். எட்டு அங்குல அகலத்தில் ஐந்தடி நீளச் சால்வை ஒன்று வேண்டும் என்று வையுங்கள். தடித்த பருத்தி நூல், அங்குலத்துக்கு 12 இழை. அப்படியென்றால் 8 × 12 = 96 இழை. நீளம் 60 அங்குலம், ஆனால் ஊடை நூலின் மேலும் கீழுமாகப் பாவு வளைந்து வளைந்து போவதால் நெய்யும்போது நீளம் குறையும், அதற்குப் பத்து வீதம் சேர்த்தால் 66. அப்புறம் தறியின் முன்னும் பின்னும் முடிச்சுப் போடப் போகிற நூல், கடைசியில் நெய்யவே முடியாமல் எஞ்சுகிற நூல், இதற்கெல்லாம் ஒரு 18 அங்குலம். மொத்தம் 84. ஆகவே 96 இழை, ஒவ்வொன்றும் 84 அங்குலம்: 8064 அங்குலம், அதாவது 224 யார். ஊடைக்கும் ஏறக்குறைய இவ்வளவு எடுத்து வைத்தால் இடையில் நூல் முடிந்து அந்தரப்பட வேண்டி வராது. தண்ணீர் பட்டதும் சுருங்கும் என்பதையும் மனதில் வைத்து, அகலம் கட்டாயம் எட்டு அங்குலம் வேண்டும் என்றால் ஒன்பதில் தொடங்குங்கள்.

புதிதாக வருகிறவர்கள் கைவிடுவது அந்த 18 அங்குலத்தைத்தான். வீண் போகிற நூலுக்கு ஏன் காசு என்று கேட்பார்கள். அது இல்லாமல் தறியில் பாவைக் கட்டவே முடியாது. அதனால்தான் ஒரு சால்வைக்குப் பாவு போடுவதைவிட மூன்று சால்வைக்குச் சேர்த்துப் போடுவது லாபம், வீணாகிற நூல் ஒரே அளவுதான்.

என்ன நூல் வாங்க வேண்டும்? எங்கே வாங்கலாம்?

முதல் கூடலுக்கு ஒன்றும் வாங்க வேண்டாம், நாங்கள் தருவோம். பிறகு வாங்குவதானால் புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களில் தேடுங்கள், ஆனால் "கைத்தறி நூல்" என்று கேட்டால் கடைக்காரர் உங்களை விநோதமாகப் பார்க்கக்கூடும். பருத்திக் குரோஷே நூல் என்று கேளுங்கள், பழகுவதற்கு அது போதும். கொஞ்சம் முறுக்கேறியதாகப் பாருங்கள், பஞ்சு மாதிரி உப்பியிருக்கிற நூல் அச்சில் உரசி உரசிப் பிய்ந்துவிடும்.

நூலின் மேல் நம்பர் போட்டிருக்கும். 40ஆம் நம்பர் என்றால் ஓர் இறாத்தல் நூலில் 840 யார் நீளக் கழிகள் (நூல் கண்டுகள்) 40 இருக்கின்றன என்று அர்த்தம். நம்பர் கூடக் கூட நூல் மெல்லிசு. சேலைக்கு ஆசைப்பட்டு எடுத்த எடுப்பில் மெல்லிய நூலில் கை வைக்காதீர்கள். எங்கள் குழுவில் சேலை நெய்து முடித்தவர் இதுவரை ஒருவரும் இல்லை, அதில் எங்களுக்கு வெட்கமும் இல்லை.

விலை பற்றி: இங்கே நெய்கிற பருத்தி நூலில் பெரும்பகுதி இறக்குமதி, அதிகமும் இந்தியாவிலிருந்து. 2022இல் ரூபாய் விழுந்தபோது நூல் விலை ஏறியது ஏறியதுதான். அதனால் யாராவது வெளிநாட்டிலிருந்து வருகிறார்கள் என்றால் சொக்லேட்டுக்குப் பதிலாக நூல் கொண்டு வரச் சொல்லுங்கள்.

அந்த மண்டபத்தில் ஏன் ஏசி போடுவதில்லை? போன தடவை வேர்த்துக் கொட்டியது.

கடற்காற்று வருகிறது, யன்னல் பக்கம் இருங்கள். ஏசி போடாததற்கு மண்டப வாடகை ஒரு காரணம், இன்னொரு காரணம் நூல். பருத்தி நூல் ஈரப்பதத்தில்தான் பலமாக இருக்கும், காய்ந்த காற்றில் சுலபமாக அறும். பழைய துணி ஆலைகளில் வேண்டுமென்றே காற்றில் ஈரம் சேர்ப்பார்கள். இதே வெள்ளவத்தையில் ஒரு காலத்தில் பெரிய நூல், துணி ஆலை இருந்தது பலருக்குத் தெரியாது. 1933இல் அங்கே நடந்த வேலைநிறுத்தம் இந்நாட்டுத் தொழிற்சங்க வரலாற்றில் வருகிறது, இடதுசாரித் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வா போன்றவர்கள் அதில்தான் தொழிலாளர் அரசியலுக்குள் வந்தார்கள். இன்று அந்தப் பக்கம் போனால் மாடி வீடுகள்தான்.

கடற்காற்றில் ஒரு தொல்லையும் உண்டு. அச்சின் கம்பிகள் சாதாரண இரும்பு என்றால் துருப்பிடிக்கும், வெள்ளை நூலில் அந்தத் துரு பழுப்புக் கோடாக ஏறிவிடும், பிறகு எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது. துருப்பிடிக்காத எஃகு அச்சு வாங்குங்கள், அல்லது பாவித்து முடிந்ததும் துடைத்து, எண்ணெய்த் துணியில் சுற்றி வையுங்கள். திரும்ப எடுக்கும்போது எண்ணெயைத் துடைக்க மறக்க வேண்டாம்.

சாயம் போடும் பட்டறை எப்போது? மஞ்சளில் போடலாமா?

ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள். கொழும்பில் மே மாதமும், ஒக்டோபர், நவம்பரும் சாயம் போட்ட நூலைக் காயவைப்பதற்குரிய காலமில்லை, இரண்டு நாள் கொடியில் தொங்கி நாற்றம்தான் மிஞ்சும்.

மஞ்சளில் போடலாம், முதல் நாள் பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் வெயிலில் வெளிறும், சவர்க்காரம் பட்டால் சிவக்கும். அடுப்படியில் இருப்பதால் எல்லோரும் மஞ்சளைத்தான் கேட்கிறார்கள், நாங்கள் அதை வேடிக்கைக்காக ஒரு சின்னக் கழிக்கு மட்டும் போட்டுக் காட்டுவோம். நிற்கிற சாயம் வேண்டும் என்றால் பருத்தியை முதலில் சலவைச் சோடாவில் நன்றாக அவித்து மெழுக்கை எடுக்க வேண்டும், பிறகு கடுக்காய்த் தண்ணீர், அதற்குப் பிறகு படிகாரம், கடைசியில்தான் சாயம். பட்டும் கம்பளியும் படிகாரத்தை நேரே பிடித்துக்கொள்ளும், பருத்தி அப்படியில்லை, இடையில் கடுக்காய் போலத் துவர்ப்புள்ள ஒன்று வேண்டும். மாதுளைத் தோலிலும் அது இருக்கிறது. வீட்டில் எல்லோரிடமும் இருக்கிற தேயிலையிலும் இருக்கிறது, தேத்தண்ணி வடித்து எஞ்சிய சக்கையைச் சேர்த்து வையுங்கள். தேயிலைப் பழுப்பில் தோய்த்த நூலைத் துருப்பிடித்த ஆணி ஊறிய தண்ணீரில் போட்டால் சாம்பல் நிறமாக மாறும். ஆணித் தண்ணீர் கூடினால் நூல் நாளடைவில் இற்றுவிடும், கவனம்.

சிவப்புக்கு எங்கள் ஊரிலேயே ஒரு வேர் இருந்தது. மன்னார், யாழ்ப்பாணப் பக்கத்து மணல் தரையில் சாயவேர் தோண்டி எடுப்பதை ஒல்லாந்தர் ஒரு கட்டாய ஊழியமாகவே வைத்திருந்தார்கள். 1869க்குப் பிறகு அதே சாயப்பொருள் தொழிற்சாலையில் செய்யப்பட்டு மலிவாக வந்ததும் வேரைத் தேடுவாரில்லை. மன்னாரில் சொந்தக்காரர் உள்ளவர்கள் கொஞ்சம் விசாரித்துச் சொன்னால் கோடி புண்ணியம்.

சாயப் பாத்திரத்தை மறுபடி சமையலுக்கு எடுக்கவே கூடாது. மஞ்சள், தேயிலை என்றாலும் இதுதான் விதி.

பத்திக் சொல்லித் தருவீர்களா?

வருடத்தில் ஒரு முறை. துணியில் மெழுகு பூசிச் சாயம் போடுகிற வேலை இது, அதனால் மெழுகு உருக்க அடுப்பு வைக்க அனுமதி கிடைத்தால் மட்டும். பத்திக்கில் ஆர்வமென்றால் ஏனா டி சில்வாவின் வேலையைத் தேடிப் பாருங்கள், அவரால்தான் பத்திக் இங்கே சுற்றுலாக்காரர் வாங்கிப் போகும் துணி என்ற நிலையைத் தாண்டியது. மாத்தளைக்குப் பக்கத்தில் அலுவிகாரையில் அவர் நடத்திய பட்டறை பேர்போனது. நிறத்தை எப்படித் துணிந்து சேர்ப்பது என்று பார்க்க வேண்டுமானால் பார்பரா சன்சோனி 1960களில் தொடங்கிய பெயார்ஃபுட் கடை காலி வீதியிலேயே இருக்கிறது, வாங்காவிட்டாலும் ஒரு தடவை சுற்றிப் பாருங்கள். செம்மஞ்சளுக்குப் பக்கத்தில் கத்தரிப்பூ நிறம் நிற்குமா என்று இனி எங்களிடம் கேட்க மாட்டீர்கள்.

ராட்டையில் நூல் நூற்கிறீர்களா?

இல்லை. தக்களி (கையால் சுழற்றி நூல் நூற்கிற கதிர்) இரண்டு இருக்கிறது, கேட்டால் காட்டுவோம். 1927 நவம்பரில் காந்தி கதர் நிதிக்குக் காசு சேர்க்கக் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வந்தார், அந்த நாளில் வாங்கிய ராட்டை ஏதாவது உங்கள் வீட்டுப் பரணில் கிடந்தால் கொண்டு வாருங்கள், பார்க்க ஆசை.

நெசவாளர் ஊர்களுக்குப் பயணம் போவதுண்டா?

உண்டு, வருடத்தில் ஒன்று. மருதமுனைதான் எங்கள் விருப்பம். கல்முனைக்கு வடக்கே, கடலோரம், தறிச் சத்தம் இன்னும் கேட்கிற ஊர். சாரமும் சேலையும் நெய்கிறார்கள், தமிழ் பேசும் ஊர் என்பதால் வாய்விட்டுக் கதைக்கலாம், "இது எப்படிச் செய்தீங்க" என்று கேட்டால் தறியை நிறுத்தி விளக்குவார்கள். தறி நிற்கிற நேரம் அவர்களுக்கு உழைப்பு நிற்கிற நேரம் என்பதை மறக்காமல், பார்த்துவிட்டுச் சும்மா திரும்பாமல் ஏதாவது வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள். இதில் நாங்கள் கொஞ்சம் கறார். 1970களின் தொடக்கத்தில் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்தபோது கைத்தறிக்கு நல்ல காலம், 1977இல் சந்தையைத் திறந்ததும் மலிவுத் துணி வந்து குவிந்து எத்தனையோ நெசவு நிலையங்கள் மூடப்பட்டன. 2004இல் சுனாமி மருதமுனையையும் அடித்தது. இதெல்லாம் தாண்டி இன்னும் நெய்கிறவரிடம் போய் நூறு ரூபாய் குறைக்கச் சொல்ல வாய் வருமா?

கண்டிப் பக்கம் ஹேனவலவுக்கும் போகலாம் என்று இருக்கிறோம். தும்பறைப் பாய் அங்கேதான் நெய்கிறார்கள், பருத்தியில் இல்லை, செடி நாரில், தரையோடு ஒட்டிய தறியில். அந்தக் கைவினையை யுனெஸ்கோ 2021இல் தன் பட்டியலில் சேர்த்தது.

கடையில் "கைத்தறி" என்று எழுதியிருப்பது உண்மையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரே ஓர் அடையாளத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஓரத்தைப் பாருங்கள்: ஊடை நூல் வெட்டுப்பட்டுக் குஞ்சம் மாதிரி நின்றால் அது நாடா இல்லாத நவீன இயந்திரத்தில் நெய்தது, நிச்சயம் கைத்தறி இல்லை. நூல் ஓரத்தில் மடங்கித் திரும்பிப் போயிருந்தால் கைத்தறியாகவும் இருக்கலாம், பழைய விசைத்தறியாகவும் இருக்கலாம். ஓரத்து ஊசித் துளைகளை நம்பாதீர்கள், விசைத்தறியிலும் வரும். வெளிச்சத்துக்குப் பிடித்தால் கைத்தறியில் ஊடை ஓரிடத்தில் நெருக்கமாகவும் இன்னோரிடத்தில் கொஞ்சம் தளர்வாகவும் தெரியும், ஆனால் கை தேர்ந்தவர் நெய்தது அப்படித் தெரியவே தெரியாது. எந்த ஊரில் நெய்தது என்று கேளுங்கள். ஊர்ப் பெயர் சொல்லத் தடுமாறுகிற கடையில் நான் வாங்குவதில்லை.

ஃபிளாட்டில் இருக்கிறேன். வீட்டில் தறி வைக்கலாமா?

மிதி உள்ள பெரிய தறி வேண்டாம். இடம் ஒரு பக்கம், சத்தம் இன்னொரு பக்கம், அச்சை இழுத்து அடிக்கிற ஒவ்வோர் அடியும் கீழ்வீட்டு அன்ரியின் தலைக்கு மேல் விழும். மேசைத்தறி போதும், அடியில் தடித்த ரப்பர் விரிப்புப் போட்டு, இரவு எட்டு மணிக்கு மேல் நெய்யாமல் இருந்தால் சண்டை வராது. ஆரம்பத்தில் ஒரு மரச் சட்டமும் சின்ன ஆணிகளும் கூடப் போதும். மேசைத்தறி செய்ய மொறட்டுவையில் நல்ல தச்சரைத் தேடுங்கள், கதிரை, மேசை செய்கிறவர் தறியைப் பார்த்திருக்க மாட்டார், அளவோடு படம் கொடுத்தால் செய்துவிடுவார். நன்றாகக் காய்ந்த தேக்கு கேளுங்கள், ஈரம் விடாத பலகை மழைக்காலத்தில் ஊதி, பாவுருளையை அசைக்கவே முடியாமல் செய்துவிடும்.

அந்தக் கால்மிதிப் பட்டறை?

ஆடைத் தொழிற்சாலைகளில் வெட்டி எஞ்சுகிற பனியன் துணித் துண்டுகளைக் கீலமாக வெட்டி, அதையே ஊடையாக வைத்து நெய்வது. வீதியோரத்தில் விற்கிற கால்மிதிகளைப் பார்த்திருப்பீர்கள். தடிப்பான ஊடை என்பதால் கண்முன்னே வளரும், ஒரே நாளில் முடித்துக்கொண்டு போகலாம். இதற்கு மட்டும் பாவை நாங்களே போட்டு வைப்போம், மேலே அவ்வளவு வீறாப்புப் பேசியது இதற்குப் பொருந்தாது.

பிள்ளைகள், ஆண்கள் வரலாமா? சிங்களம் தெரியாது, பரவாயில்லையா?

எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் பெரியவர் ஒருவரோடு வரலாம், அட்டைத் தறி கொடுப்போம். ஆண்கள் ஏற்கெனவே வருகிறார்கள், மருதமுனையில் பாருங்கள், ஆண்கள் நெய்வதை யாரும் கேள்வி கேட்பதில்லை. மொழி ஒரு பிரச்சினையே இல்லை, மூன்றும் கலந்துதான் கதைக்கிறோம், சிக்கெடுக்கும்போது மௌனம்.

என்ன உடுத்து வர? சாப்பாடு?

வளையல், தொங்கல் தோடு, நீளக் கைச்சட்டை வேண்டாம், எல்லாம் நூலில் மாட்டும். முடியைக் கட்டுங்கள். மத்தியானத்துக்கு ஆளுக்கொரு பார்சல் கொண்டு வாருங்கள், தேத்தண்ணியும் வடையும் எங்கள் பொறுப்பு. தறி இருக்கிற அறைக்குள் வடை வரக் கூடாது, எண்ணெய்க் கை நூலில் பட்டால் அந்த இடத்தில் சாயம் ஏறாது.

காசு எவ்வளவு?

மண்டப வாடகையைத் தலைக்கணக்கில் பிரிப்போம், நூலுக்குத் தனி. நூல் விலை நிலையாக இல்லாததால் ஒவ்வொரு தடவையும் அறிவிப்போடு சேர்த்துச் சொல்லுவோம். மாணவர்களுக்கு வாடகைப் பங்கு இல்லை.

சான்றிதழ் கிடைக்குமா? இதை வைத்து உழைக்கலாமா?

சான்றிதழ் இல்லை. துணித் துறையை முறையாகப் படிக்க வேண்டுமானால் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் அதற்கென்றே ஒரு துறை இருக்கிறது. உழைப்பு என்று பார்த்தால், பாவு போட, கோர்க்க, நெய்ய, துவைத்து முடிக்க என்று போகும் நேரத்தை மணிக்கணக்கில் கூட்டி, அதற்குக் கூலி போட்டு, ஒரு சால்வைக்கு விலை வையுங்கள், அந்த விலையை உங்கள் சொந்தத் தங்கச்சியே தர மாட்டாள். எங்களில் இரண்டு, மூன்று பேர் கண்காட்சிகளில் விற்கிறார்கள், நூல் காசு திரும்பி வருகிறது. வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு எங்கள் பதில்: வேண்டாம்.

வீட்டில் அம்மம்மாவின் பழைய தறி ஒன்று கிடக்கிறது. எடுப்பீர்களா?

முதலில் நாலு பக்கத்திலிருந்தும் படம் எடுத்து அனுப்புங்கள். கறையான் அரித்திருந்தால் சட்டத்தை விடுங்கள், நாடா, அதற்குள் நூல் சுற்றி வைக்கிற தார்க்குச்சி, விழுது, அச்சு இவற்றைத் தனியாக எடுத்து வையுங்கள், இவைதான் இப்போது கிடைப்பது கஷ்டம். விறகுக்குக் கொடுக்கப் போகிறோம் என்று வீட்டில் சொன்னால் எங்களுக்கு உடனே போன் போடுங்கள், லொறிக் காசை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.